ஆறாம் பாகம், இரவு ஒன்றரை மணி

டிவியில் என்ன பிடிக்கும் என்று கேட்டால்
சமையல் நிகழ்ச்சி என்றுதான் வெளியே சொல்வேன்.
தக்கலை ஆஸ்பத்திரியில்
நாள் முழுக்கக் காயம் கட்டுகிறவள்
வீட்டுக்கு வந்து
பனிக்காட்டில் பதுங்குகுழி தோண்டும் பையன்களைப்
பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றால்
வார்டில் என்ன நினைப்பார்கள்.

குலசேகரத்தில் மழை பிடித்துவிட்டால்
ரப்பர் வெட்டு இல்லை, மூன்று மணி அலாரமும் இல்லை.
வீட்டுக்காரர் கிழங்கு அவித்து
மீன்கறியைச் சூடாக்கி
எனக்காக விழித்திருப்பார்.
பத்துப் பாகம். ராத்திரிக்கு ஒன்று என்று ஒப்பந்தம்.
ஒப்பந்தங்கள் மீறப்படுவதைப் பற்றித்தான்
தொடரே என்பதால்
நாங்களும் மீறினோம்.

அவர் டயர்களைப் பார்ப்பார்.
"இவனுவளுக்கு இவ்வளவு ரப்பர்
எங்கேருந்துட்டி கெடச்சு?"
வெளியே மரங்கள்
சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நனைந்தன.

நான் கட்டுகளைப் பார்ப்பேன்.
தொடையை இறுக்கிக் கட்டினால்
கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும்.
ஐந்து பாகம் வரை எவனும் எழுதவில்லை.
"நேரம் எழுதுலே!" என்று நான் கத்தியதில்
அடுத்த வீட்டில் விளக்கு எரிந்தது.

கடற்கரையில் படை இறங்கும் பாகத்தை
டியூட்டி அறையில், போனில்
பிரகாசி சிஸ்டருக்குக் காட்டினேன். குளச்சல்காரி.
துப்பாக்கி, புகை எதையும் அவள் கவனிக்கவில்லை.
"அல பாக்காம எறக்குதானுவளே.
கொஞ்சம் பொறுத்து விட்டிருந்தா
பாதிப் பேரு கரை சேந்திருப்பான்."
கடைசியில் பெயர்கள் ஓடின.
நிறுத்தப் போனேன். "இரி" என்றாள்.
ஒக்கியில் போன அவள் அண்ணன் பெயர்
எந்தப் பட்டியலில் எத்தனாவது என்று
அவள் சொன்னதில்லை.
திரை கறுத்த பிறகும் போனைத் தரவில்லை.
மூன்றாம் கட்டிலில் டிரிப் தீர்ந்துபோய்க் கூப்பிட்டார்கள்.

ஆவணப்படங்களில்
வயதானவர்கள் நாற்காலியில் இருந்து பேசுவார்கள்.
நடுவில் ஒருவர் நிறுத்துவார், கன்னம் மட்டும் ஆடும்.
கீழே ஓடும் எழுத்தும் அப்போது இருக்காது.
அந்த இடத்தைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்ப்பேன்.
எனக்குப் பிடித்த இடம்.
பிடித்த என்பது தப்பான சொல்,
வேறு கிடைக்கவில்லை.

ஆறாம் பாகத்தன்று தம்பி ஜெபதாஸ் வந்திருந்தான்.
ஹவில்தாராக ஓய்வு பெற்றவன்.
நாகர்கோவில் கேன்டீனில் எங்களுக்கும் சேர்த்து
சோப்பும் எண்ணெயும் வாங்கித் தருவான்.
அங்கே எப்படி இருந்தது என்றால்
"குளிரு" என்பான்.
பதினேழு வருடத்துக்கும் அவ்வளவுதான்.

பீரங்கிகள் தொடங்கின. ஷோகேசில் டம்ளர்கள் அதிர்ந்தன.
அவனுக்காகச் சத்தத்தைக் குறைக்க
ரிமோட்டைத் தேடினேன்.
அவன் தூங்கியிருந்தான்.
வாய் திறந்து, தட்டில் பாதிக் கிழங்கு.
காடு எரிந்தது, மரங்கள் நடுவில் பிளந்தன,
மூச்சு ஒரே சீராக வந்தது.

பிறகு குண்டு நின்றது.
பனி மட்டும் விழுந்தது.

அப்போது எழுந்தான்.
கண் திறப்பதற்கு முன்னால் உடம்பு எழுந்து
கதவுக்கும் சோபாவுக்கும் நடுவில் நின்றது.
"ஏன் நின்னுட்டு?"
"எது?"
"சத்தம்."

வீட்டுக்காரர் தண்ணீர் கொடுத்தார்.
உட்கார்ந்து, கிழங்கைப் பார்த்து,
கொஞ்சம் வெட்கப்பட்டு,
"பொறத்த போடு அக்கா" என்றான்.
"எதுவரைக்கும்?"
"சண்டை வரைக்கும்."

போட்டேன். இரண்டாவது நிமிடம் தலை சாய்ந்தது.

அந்தத் தடிப் பையனின் கடிதம்
வீடு போய்ச் சேர்ந்ததா
எங்களுக்கு இன்னும் தெரியாது.
விடிய விடிய மழை.
குண்டு நிற்பதற்கு ஒரு நிமிடம் முன்னால்
ரிமோட்டை எடுத்துப் பின்னால் தள்ளி,
கை மாற்றிக் கை மாற்றி,
நானும் அவரும்
அதே காட்டை எரித்துக்கொண்டிருந்தோம்,
அவன் தூங்கட்டும் என்று.