நான்காவது எழுத்து

சாவியைத் திருப்பினால்
என்ஜினுக்கு முன்பே திரை விழித்துக்கொள்ளும்:
காலை வணக்கம், ஹல்ல்பியோர்ன்.

ஹல்ல்பியோர்ன் இப்போது டெனெரிஃபே வெயிலில்,
யாரோ ஒருவர் பணத்தில்.
படகும் கடனும் தங்கையின் தலையில்.
ரெய்வர்ஹொப்ன் துறையின் பிப்ரவரி இருட்டில்
தனக்கில்லாத அந்த வணக்கத்தை வாங்கிக்கொண்டு
தினமும் காட் மீனுக்குப் போகிறாள் ஸ்வாலா.

"கேயிர், அவனை அங்கிருந்து எடுத்துவிடு.
ஒரு பெட்டி மீன் தருகிறேன்."

திரையைச் செய்த நிறுவனம் மூடிப் பதினோரு ஆண்டு.
மூல நிரல் யாரிடமும் இல்லை.
இருப்பது ஒரே ஒரு பைனரி கோப்பு,
வாய் திறக்காத சாட்சி மாதிரி.

முதல் தடவை கேயிருக்குக் கை தவறியது.
'எழுது' என்று திறந்தான்.
திறந்த கணமே கோப்பு காலி.
எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான்
என்ன எழுத என்று கேட்கிறது அது.
நல்லவேளை, நகல் இருந்தது.
நல்லவேளை, ஸ்வாலா காப்பி ஊற்றப் போயிருந்தாள்.

இரண்டாம் தடவை
படித்தபடியே எழுதும் முறையில் திறந்தான்.
4170-க்குப் போ என்றான். போனது.

இங்கே செருகல் கிடையாது.
ஒரு பைட் கூடினால்
பின்னால் உள்ள வீடெல்லாம் ஒரு கதவு தள்ளிப்போகும்.
எண்ணெய் அழுத்தம் கேட்டு வந்த கட்டளை
நீர் இறைக்கும் பம்பின் கதவைத் தட்டும்.
வெண்பாவில் ஒரு சீரை உருவி
தளை தட்டாமல் வேறொன்று வைக்கிற வேலை.

அவன் பெயருக்கு ஒன்பது எழுத்து. இவளுக்கு ஐந்து.
இடம் தாராளம்.

48 இருந்த இடத்தில் 53.
61 இருந்த இடத்தில் 76.
மூன்றாவதும் மாறியது.
நான்காவதில் அவனுக்கும் ல், இவளுக்கும் ல்.
நிரல் அதைக் கவனிக்கவில்லை;
ல்-லின் மேல் ல்-லையே எழுதிவிட்டுப் போனது.
கேயிர் கவனித்தான். சொல்லவில்லை.
ஐந்தாவதில் ஒன்றே ஒன்று குறைந்தது.
ஆறாவதில் பூச்சியம்:
திரையே, இத்தோடு நிறுத்து.

படகில் ஏற்றினார்கள்.
திரை விழிக்க மறுத்தது.

கோப்பின் கடைசி இரண்டு பைட்
மொத்தத்தின் கூட்டுத்தொகை;
கணக்கு உதைத்தால் கதவு திறக்காது.
மீன் ரசீதின் பின்புறம் கேயிர் போட்டுப் பார்த்தான்:
பதினொன்று ஏறியது, இருபத்தொன்று ஏறியது,
பதினொன்று இறங்கியது,
அடுத்து ஒன்றுமில்லை, அடுத்து ஒன்று,
பிறகு நூற்றாறு ஒரே மூச்சில் இறங்கியது.

"எண்பத்தாறு குறைகிறது."

"அவன் எனக்கு வைத்துவிட்டுப் போனதில்
அது ஒரு மணி நேர டீசல்கூட இல்லை"
என்றாள் ஸ்வாலா.

கடைசி இரண்டு பைட்டில் எண்பத்தாறைக் கழித்தான்.
திரை விழித்தது:
காலை வணக்கம், ஸ்வாலா.

அவள் பதில் சொல்லவில்லை.
கண்ணாடியில் உறைந்திருந்ததைச் சுரண்டினாள்.
பிறகு, முதுகைக் காட்டியபடியே,
"முழுக்கப் போய்விட்டானா?"

கேயிர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான்.
அவள் பெயர். பூச்சியம். அதற்குப் பின்னால்
தொடாமல் விட்ட மூன்று பைட்: ஓ, ர், ன்.
அவர்கள் மொழியில் ஸ்வாலா என்றால் தகைவிலான் குருவி.
பியோர்ன் என்றால் கரடி.
கரடியின் தலையை வெட்டியதில் மிஞ்சிய
ஓர்ன் என்றால் கழுகு.

"திரை இதைப் படிக்காது.
கூட்டுத்தொகை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும்.
வேண்டுமானால் இதையும் பூச்சியமாக்கலாம்,
இரண்டு நிமிட வேலை."

அவள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
காற்று வடக்கே திரும்பியிருந்தது.

"மீன் பெட்டியை எங்கே வைக்க?"
என்று மட்டும் கேட்டாள்.