பதினேழாவது போல்ட்

நாங்கள் அதைக் கல்யாணம் என்றுதான் சொல்லுவோம்.
பொம்மசந்திராவில், இரண்டாவது ஷிஃப்டில்,
பதினான்காவது ஸ்டேஷனில்
நாளைக்கு ஏழு கல்யாணம்.

மேலே கொக்கியில் தொங்கியபடி வரும் உடம்பு,
கதவில்லாமல், கண்ணாடியில்லாமல், ஒரு அவசரமும் இல்லாமல்.
கீழே தள்ளுமேடையில் காத்திருக்கும்
எஞ்சினும் கியர்பெட்டியும் பின் அச்சும்.
இந்த வண்டிக்கு நெஞ்சு முதுகுப் பக்கம்.
ஓட்டுகிறவர் தோளுக்கு ஒரு சாண் பின்னால்
எட்டு சிலிண்டர்.

மேளம் கிடையாது. ஹைட்ராலிக் மட்டும் பெருமூச்சு விடும்.
நானும் தனஞ்சய் மஹதோவும் எதிரெதிரே குனிந்து
விரல் நுழையுமா என்று இடைவெளி பார்ப்போம்.
அவன் "பஸ்" என்பான். நான் "சாக்கு" என்பேன்.
இரண்டுக்கும் போதும் என்று அர்த்தம்.
இரண்டும் எங்கள் ஊரில் வேறு பொருள்கள்.

மூன்று முடிச்சு இதற்குக் காணாது.
பதினாறு போல்ட்.
பதினாறும் பெற்று என்று வாழ்த்தியவர்கள்
எதையெதை எண்ணிச் சொன்னார்களோ,
நான் ஒவ்வொன்றாக முறுக்கி
கருவி கையில் ஒரு உதறு உதறி, பச்சை விளக்கு எரிந்ததும்
தலையில் வெள்ளைப் பெயின்டில் கோடு இழுக்கிறேன்.

அன்றைக்கு ஐந்தாவது வண்டி. மாம்பழ மஞ்சள்.
திரையில் பதினாறு டிக்.
தட்டில் ஒரு போல்ட்.

பார்த்துக்கொண்டே நின்றேன்.
சின்னதுதான், கட்டைவிரல் நீளம்.
அதற்குள் உடம்பு அடுத்த ஸ்டேஷனுக்கு நகரத் தொடங்கியிருந்தது.
கயிற்றை இழுத்தேன்.

லைன் நின்றால் இங்கே ஒரு பாட்டு ஓடும்,
ஐஸ் வண்டிக்காரன் மணி மாதிரி.
முப்பத்தோரு ஸ்டேஷனும் திரும்பிப் பார்த்தன.
ருத்ரேஷ் ஓடி வந்தார். "ஏனாய்த்து, செண்பகா?"
காட்டினேன்.
"மெஷின் பதினாறு சொல்லுதே."
ஒன்றையே இரண்டு தடவை முறுக்கினாலும்
மெஷின் இரண்டு என்றுதான் எண்ணும், சார்.

அவர் ஒன்றும் பேசவில்லை.
உடம்பைத் திரும்ப இழுத்து, டார்ச் பிடித்து,
வெள்ளைக் கோடுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினோம்.
பத்து, பதினொன்று. எண்ணெய் மறைத்த ஒன்று. துடைத்து, பன்னிரண்டு.
எங்களுக்குப் பின்னால் ஆலை
எதிர்பாராத லீவு போல உட்கார்ந்திருந்தது.
தனஞ்சய் தண்ணீர் குடித்தான்.
டாஷ்போர்டு பூட்டும் ஷைனி
கையுறையைக் கழற்றி நகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

பதினாறு. எல்லாம் இருந்தன.

கிட் அறையிலிருந்து நடந்தே வந்தான் பசவராஜு.
வாங்கிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.
"எண்ணும்போது ஒண்ணு கூடிடுச்சு போல, அக்கா."

பத்தொன்பது நிமிஷம்.

ஒன்பது மணிக்கு அந்த மஞ்சள் வண்டி உருளைகளின் மேல் ஏறியது.
முதல் உறுமலில் கூரைத் தகடு அதிர்ந்தது.
நின்ற இடத்திலேயே இருநூறு போனது.
நான் ஸ்பீடோமீட்டரைப் பார்க்கவில்லை.
கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று
பின் அச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனி பஸ் சந்தாபுரத்தில் மாட்டிக்கொண்டது.
அத்திப்பள்ளிக்கு இன்னும் எவ்வளவோ. அப்புறம் ஓசூர்.
ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினால்
விரல்கள் மடியில் தானாக எண்ணுகின்றன.

மறுநாள் போர்டில் முந்தைய நாள் கணக்கு எழுதியிருந்தார்கள்.
லைன் நின்ற நேரம்: பத்தொன்பது.
காரணம் என்ற கட்டத்தில்
ருத்ரேஷின் சாய்ந்த கையெழுத்து:
ஆபரேட்டருக்குச் சந்தேகம்.

கோபமா பாராட்டா என்று தெரியவில்லை.
யாரும் அழிக்கவும் இல்லை.

தட்டு வந்தது. ஓரத்தில் பசவராஜு
கன்னட எண்ணில் பதினாறு என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான்.
கொக்கி நகர்ந்து வர இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது.
கொட்டி எண்ணினேன்.