செயப்பாட்டு வினை

மூன்றாம் அத்தியாயம், ஆய்வு முறைகள், இரண்டாம் பத்தி:
‘மாதிரிகள் மைனஸ் எண்பது பாகையில் பாதுகாக்கப்பட்டன.’
இருபத்தொன்பது நாள் இந்த வாக்கியத்தின் மேல்
அடைகாத்து உட்கார்ந்திருந்தேன்,
குஞ்சா கூமுட்டையா என்று தெரியாமல்.

பாதுகாத்தது யார் என்று அது சொல்வதில்லை.
அதுதான் அதன் சௌகரியம்.
என் ஸ்பானிய மொழியிலும் அப்படியே:
வினை இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

மே பத்தொன்பது.
படகோனியக் காற்று நத்தாலெஸ் ஊரின்
தகரக் கூரைகளைப் பிடித்து உலுக்கிய இரவு.
இரண்டு பத்துக்கு மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் ஒருமுறை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.
தலையணைக்கு அடியில் என் கைபேசி அலறியது.
அதன் வாயைப் பொத்திவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.
(காற்றென்று நினைத்தேன் என
இதுவரை இரண்டு பேரிடம் சொல்லியாயிற்று.
காற்று கைபேசிக்குள் அலறாது.)

விடிந்து ஓடியபோது பெட்டி மறுபடி எண்பதில் நின்றது,
ஒன்றுமே நடக்காத முகத்தோடு.
பதிவுக்கருவி மட்டும் ஒரு குன்று வரைந்திருந்தது:
நான்கு மணி இருபது நிமிடம்,
உச்சி மைனஸ் இருபத்தாறு.
உருகியதா? இல்லை.
அப்படியே இருந்ததா? அதுவும் இல்லை.

முடிவுகளோ தங்கம்.
செவ்வோதம் வடிந்த எட்டாம் வாரமே
சோல்கா சிப்பியில் நஞ்சு இறங்கிவிடுகிறது;
பன்னிரண்டு வாரத் தடை எதற்கு?
குழாயில் மூச்சு வாங்கிக் கடலடியில் சிப்பி பறிக்கும் நிபால்தோ
படகுத்துறையில் வழிமறித்தார்:
‘யஸ்னா, உன் எண் என்ன சொல்கிறது, சாப்பிடலாமா?’
மைனஸ் எண்பதைப் பற்றி அவர் கேட்கவில்லை.
எண்ணைச் சாப்பிடப்போகிறவர்கள் கேட்பதில்லை.

நொதி விழித்து நஞ்சைத் தின்றது
கடலில் சிப்பிக்குள்ளா,
அந்த இரவில் என் பெட்டிக்குள்ளா?

மார்ச்சில் அறிவியல் தத்துவக் கருத்தரங்கு நடந்தது.
சாந்தியாகோவிலிருந்து வந்தவர் பலகையில் எழுதினார்:
‘எல்லா அன்னங்களும் வெள்ளை.’
ஒரே ஒரு கறுப்பு போதும், சாய்ந்துவிடும் என்றார்.
சன்னலுக்கு வெளியே எங்கள் ஊர் அன்னங்கள்
உடம்பு வெள்ளை, கழுத்து கறுப்பாக
மிதந்துகொண்டிருந்தன.
பின்வரிசை சிரித்தது.
அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சும்மா கேட்பது போல நெறியாளரிடம் கேட்டேன்.
‘உருகாதவரை நஞ்சு மாறாது, எல்லாருக்கும் தெரியும்,’
என்றார் மிர்னா ஓயார்சூன்.
அந்த எல்லாரும் எங்கே எழுதியிருக்கிறார்கள் என்று
மூன்று நாள் தேடினேன்.
ஒரு கட்டுரை இன்னொன்றைக் கைகாட்டியது,
அது வேறொன்றை,
கடைசிக் கதவில் ஓர் அடிக்குறிப்பு: ‘நேர்ப்பேச்சில் சொன்னது.’
சொன்னவர் இறந்து பதினாறு வருடம்.

கருவியின் ஞாபகம் முப்பது நாள்.
நாளை அந்தக் குன்றின்மேல் புதுக்கோடு ஓடும்.
பொய் சொல்லவே வேண்டாம்,
இன்று மாலை சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும்.

போனேன். பாதி வழியில் கையுறையை மறந்தேன் என்று
எனக்கே சாக்குச் சொல்லித் திரும்பினேன்.
குன்றை அச்சடித்துக் குறிப்பேட்டில் ஒட்டினேன்,
பசை கோணலாக.
‘எச்சரிக்கை ஒலி நிறுத்தப்பட்டது’ என்று எழுதினேன்.
அடித்தேன்.
‘நிறுத்தினேன்.’
ஒரு பட்டதை உருவினால்
வாக்கியத்துக்கு இவ்வளவு குளிருமா?

நான்காம் நாள் வரைவு திரும்பி வந்தது.
‘நிறுத்தினேன்’ மேல் சிவப்புக் கோடு;
ஆய்வேட்டு நடைக்கு ஆகாதாம், ‘பட்டது’ மீண்டிருந்தது.
நான்கு மணி இருபது நிமிடத்தை அவர் தொடவில்லை.
ஓரத்தில் பென்சிலில் ஒரே கேள்வி:
‘பக்கத்துக் கட்டடப் பெட்டியில் எத்தனை மிச்சம்?’

உதவித்தொகை ஆகஸ்டில் முடிகிறது.
மூடியைத் திறந்தேன், முகத்தில் வெண்புகை.
இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று...
அடுத்த பை விரலோடு ஒட்டிக்கொண்டது.
எண்ணிக்கை தவறிவிட்டது.
மறுபடி ஒன்றிலிருந்து.