பெட்டி

ஜூன் பிறந்தால் எங்கள் வாசற்கதவுக்குப் பின்னால்
ஒரு நீலப் பெட்டி வந்து உட்காரும்.
நிலப்பத்திரம், தடுப்பூசி அட்டைகள்,
அப்பா லியோனில் செங்கல் சுமந்த வருடங்களின் ரசீதுகள்,
கல்யாணப் படம் ஒன்றே ஒன்று.
அக்டோபரில் முதல் மழை ஓட்டைத் தட்டும்வரை
போகவும் வரவும் அதில் முழங்காலை இடித்துக்கொள்வோம்.
நகர்த்தினால் அம்மா முறைப்பாள்.

வாலே டாஸ் உர்ஸெஸில் பிறந்த பிள்ளைக்கு
காற்று தெரியும்.
கிழக்கே ஸ்பெயினிலிருந்து வந்தால்
துணியை எடுத்து உள்ளே போடு.
தைல மரத்தின் பட்டை எரிந்துகொண்டே பறக்கும்,
அரைக் கிலோமீட்டர் தள்ளி இறங்கி
அங்கே குடித்தனம் தொடங்கும்.
கோயில் மணி சாவுக்கு நின்று நின்று அடிக்கும்.
தீக்கு மூச்சே விடாது.

அன்று சொன்னால் அடி விழும் என்று சொல்லாதது:
எனக்குப் பிடித்திருந்தது.
இரவில் மலையின் விளிம்பு முழுக்க ஆரஞ்சுத் தையல்,
அணைக்கட்டில் நீர் மொண்டு எழும் விமானத்தின் மஞ்சள் வயிறு,
கீழ் ஊர் விளையாட்டு அரங்கில் வரிசையாய்ப் படுக்கைகள்,
ஆளுக்கொரு சாக்லேட் பால்.
அடெலினோ சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்,
அவருடைய நாற்பது ஆடுகளுக்காக.
நானும் தம்பி டெல்மோவும்
கூடைப்பந்து வளையத்தில் சாக்ஸ் உருண்டையைப் போட்டுக்கொண்டிருந்தோம்.

எனக்குப் பதினொரு வயதான ஆகஸ்ட்.
திருவிழாவுக்கு பாண்டு வாத்தியக்காரர்கள் வந்து இறங்கிய மதியம்,
லக்சம்பர்க் எண்பலகைக் கார்கள் சந்து முழுக்க.
அம்மா ஊர்வலச் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.
கொடியில் காய்ந்த விரிப்பின்மேல்
ஒரு பெரணி இலை வந்து இறங்கியது,
நரம்பு நரம்பாய்ச் சாம்பல்.
தொட்டேன். இல்லை.
அதற்குள் மணி.

அப்பா ஏற்கனவே மேலே, தன்னார்வலர் வண்டியில்.
அம்மா எங்களைக் காருக்குள் தள்ளினாள்,
சாவியைத் திருப்பினாள், ஐயோ என்றாள்,
இறங்கி வீட்டுக்குள் ஓடினாள்.
திரும்பி வந்தவளிடம் கேட்டேன்:
பெட்டியை எடுத்தாச்சா?
எடுத்தாச்சு.

வளைவுக்கு வளைவு தீ இடம் மாறியது.
டெல்மோ ஜெபத்தில் பாதி மறந்து
முதல் வரியையே திரும்பத் திரும்பச் சொன்னான்.
கார்க்கதவை வெளியிலிருந்து
யாரோ தட்டிக்கொண்டே வந்தார்கள்,
டக், டக், எட்டுக் கிலோமீட்டர்.

பாலம் தாண்டி நின்றபோதுதான் பார்த்தோம்.
அம்மாவின் மடியில், ஈரத்துண்டுக்குள், இஸ்திரிப் பெட்டி.
வயர் கதவிடுக்கில் மாட்டி வெளியே தொங்கியிருக்கிறது.
தட்டியது பிளக்.

மூன்றாம் நாள் அப்பா புருவமில்லாமல் வந்தார்.
அம்மாவைப் பார்த்தார், இஸ்திரியைப் பார்த்தார்,
கேட்டுவிடுவார் என்று நினைத்தேன்.
ஃபிர்மினோ திரும்பவில்லை என்றார்.

நன்கொடைத் துணிகள் மூட்டை மூட்டையாய் வந்தன,
யாரோ யாரோவின் சுருக்கங்களோடு.
புள்ளிப் பலகைக்குக் கீழே ஒரு மின்துளை இருந்தது.
போர்வையை மடித்துப் போட்டு
அம்மா தரையில் உட்கார்ந்தாள். ஊரே வரிசையில் நின்றது.
கடைசியாக இடால்சினா வந்தாள்,
புருஷனின் மாற்றுச் சீருடையோடு.
காலருக்கு மட்டும் அம்மா அரை மணி எடுத்தாள்.
சூடான துணியின் வாசனை எழுந்ததும்
நான் வெளியே ஓடி வாந்தி எடுத்தேன்.
அதற்குப் பிறகு எனக்குத் தீ பிடித்ததில்லை.

இப்போது மலை மறுபடி பச்சை.
தைல மரமேதான் நட்டிருக்கிறார்கள், காகித ஆலை காசு தருகிறது.
எரிந்த தக்கை மரங்கள்
கரிச்சட்டையைக் கழற்றாமலே துளிர்க்கின்றன.

போன கோடையில், எனக்கு முப்பத்தாறு வயதில்,
புதிய நீலப் பெட்டியில் முழங்காலை இடித்துக்கொண்டு கேட்டேன்:
அன்றைக்கு இது வாசலிலேயே இருந்ததே அம்மா,
எதற்கு அதை?

பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.
சூடா இருந்துச்சு, என்றாள்.
அப்படியே விட்டுட்டு வந்தா
வீடு தீப்பிடிச்சிடாதா?