பதினோராம் கேள்வி

பண்டாரவளை, பிரதேச செயலக மேல்மாடி.
மழை விட்டும் ஜன்னல் வடிந்துகொண்டிருந்தது.
கருவள ஒழுங்காற்று ஆணைக்குழுவுக்கு
ஒன்பதாவது ஆள் தேடினார்கள்.

எட்டுப் பேர் முன்னமே வந்துவிட்டார்கள்:
மகப்பேற்று நிபுணர்கள் மூவர்,
ஒரு சட்டத்தரணி, ஒரு கணக்காளர்,
ஓய்வுபெற்ற செயலாளர் இருவர்,
யார் சொல்லி வந்தாரென்று
யாருக்கும் தெரியாத ஒருவர்.
எட்டுப் பெயரையும் கொழும்பில் யாரோ
கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு
எழுதிக்கொடுத்திருப்பார்கள்.
நேர்முகம் ஒன்பதாவதற்கு மட்டும்.
'பொதுமக்கள் பிரதிநிதி, பெருந்தோட்டம், பெண்.'
இரண்டு வருடமாக வெற்றிடம்.

என் வேலை மொழி.
அவர்கள் சிங்களத்தில் கேட்பதை
இவர் தமிழில் கேட்க வேண்டும்.
நடுவில் நான் கேட்கக் கூடாது.

ரா. தெய்வானை வந்தார்.
பதினொரு வருடம் மரண உதவிச் சங்கப் பொருளாளர்.
நகத்தோரம் கொழுந்துக் கறை,
மடியில் கணக்குக் கொப்பி.
யாரும் கேட்காமலே அதை மேசையில் வைத்தார்.

ஆணைக்குழுவின் வேலை என்ன?
"கரு வைக்கிற கிளினிக்குக்கு லைசன் குடுக்கிறது.
குளிர்ப்பெட்டியில இருக்கிறது யார் யாருதுன்னு
கணக்குப் பாக்கிறது.
ஒரு சந்தேகங்க.
காசுப் பெட்டிய வச்சிருக்கிறவரே
கணக்கையும் பாக்கிறதுன்னா
எங்க சங்கத்துல ஒத்துக்க மாட்டோம்."

அப்படியே சொன்னேன்.
சட்டத்தரணி சிரித்தார்.
கண்டிக் கிளினிக்கில் பங்கு உள்ள டொக்டர்
தண்ணீர் குடித்தார்.

பிறகு பதினோராம் கேள்வி:
நலன் முரண்பாடு உண்டா?

நலன்.
எங்கள் லயத்தில் அது
கடிதத்தின் முதல் வரியில் மட்டும் வரும் சொல்.
முரண்பாடு அங்கே யாருக்கும் ஒரு சொல்லே அல்ல.
தவிசாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.
நான் அவசரத்தில்
"உங்களுக்கும் இந்த விசயத்துக்கும்
ஏதும் சம்பந்தம் உண்டுங்களா?" என்றேன்.

அவர் யோசித்தார்.
கொப்பியில் ஒரு சதம் விடாதவர்.

"உண்டு மிஸ்.
ரெண்டாவது புள்ளைக்குப் பொறகு
லொறியில ஏத்திக்கிட்டுப் போனாங்க, பதினாலு பேர.
எனக்கு இருவத்திமூணு.
அன்னைக்குப் பேரும் போட்டு ஐநூறு ரூவாவும் தந்தாங்க.
கடுதாசி சிங்களத்துல.
கைநாட்டு இல்ல, கையெழுத்து வச்சேன்.
எனக்கு எழுத வாசிக்கத் தெரியும்.
வாசிக்கத்தான் வழியில்ல."

லொறி, பதினாலு பேர், ஐநூறு ரூபாய்,
எல்லாவற்றையும் நான் சிங்களமாக்கி முடிக்குமுன்னே
லிகிதர் ஒரே சொல்லாக எழுதிவிட்டார்.
'ஆம்' பெட்டியில் ஒரு சரி அடையாளம்.
சம்பந்தப்பட்டவர்.
பக்கச்சார்பின்மை கருதி, என்று தவிசாளர் தொடங்கினார்.
அவர் முடிப்பதற்குள்
தேநீர் வந்தது.

அதே படிவம், அதே பெட்டி,
கண்டி டொக்டர் 'இல்லை' என்று எழுதியதை
போன மார்ச்சில் தமிழாக்கியவள் நான்தான்.
'இல்லை' மொழிபெயர்க்க இலேசான சொல்.

வெளியே படியில் வைத்துச் சொன்னேன்,
அக்கா, நான் கேள்வியைப் பிழையாகக் கேட்டுவிட்டேன்.
"இல்ல மிஸ், சம்பந்தம் இருக்கில்ல?" என்றார்.
பிறகு, "இன்னைக்குப் பேரு போச்சு.
தோட்டத்துக்கு ஒரு துண்டு எழுதிக் குடுங்க."

லிகிதரின் மேசையில் நின்றபடி எழுதினேன்:
'மேற்படி நபர் இன்று
ஆணைகுழுவின் அலுவலுக்குச் சமூகமளித்தார்.'
முத்திரை குத்தி நீட்டினேன்.

மடிக்கவில்லை.
ஜன்னலோரம் கொண்டுபோய் வாசித்தார்,
விரல் வைத்து, எழுத்தெழுத்தாக,
கடைசி வரி வரை, முத்திரையையும்.
திரும்பி வந்து
மேசையில் வைத்தார்.
"ஆணைக்குழுவுல ஒரு 'க்' விட்டிட்டீங்க மிஸ்."

திருத்தினேன்.
திருத்தியதன் பக்கத்தில்
என்னைக் கையெழுத்தும் வைக்கச் சொன்னார்.
அதற்குப் பிறகுதான் கேட்டார்,
பூனாகலை பஸ் போயிருக்குமா என்று.