இரண்டாம் பஸூன், 211

பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
செவ்வாய்ப்பேட்டையில், கொலுசுப் பட்டறைக்கு மேல்மாடியில்,
செத்துப்போன நார்வேக்காரர் ஒருவரின் சிம்பொனியைக்
கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்
புள்ளி புள்ளியாக, வால் வைத்து, கொடி வைத்து.
ஜன்னலில் சேர்வராயன் மலை பாதி. மீதி கேபிள் ஒயர்.

அஸ்தம்பட்டி சர்ச்சில் ஐந்தாம் கிரேடு வரை கீபோர்டு படித்தது
இதற்குத்தான் ஆயிற்று.
ஆர்க்கெஸ்ட்ராவை நேரில் பார்த்ததில்லை.
பார்த்ததெல்லாம் அவர் கையெழுத்து:
சாய்ந்தது, அவசரமானது,
மை தீர்ந்த இடத்தில் பென்சில்.

பெயர் ஹால்வர் ட்ராங்ஸ்தா.
துறைமுகத்தில் சுங்க குமாஸ்தா.
பகலெல்லாம் ஹெர்ரிங் மீன் பீப்பாய்களை எண்ணினார்.
மெதுவான பகுதியின் பின்பக்கத்தில் அந்தக் கணக்கு:
நானூற்றுப் பதினேழு. அதில் உடைசல் ஒன்பது.
ஸ்கேன் செய்தவர்கள் அதையும் விடவில்லை.

எழுதியது நான்கு சிம்பொனி.
அரங்கேறியது ஒன்று, ஒரே முறை,
ஒரு பிப்ரவரியில், பாதி நாற்காலி காலி.
மறுநாள் பத்திரிகையில் நான்கு வரி,
அதில் இரண்டு வரி அரங்கின் குளிரைப் பற்றி.
மற்ற மூன்றையும் அவரே கேட்டதில்லை.

இரண்டாம் ட்ராம்போனுக்கு
நூற்றுப் பன்னிரண்டு கட்டம் ஓய்வு.
பிறகு ஒரே ஒரு சுரம்.
திரும்ப ஓய்வு.
மடியில் பித்தளையை வைத்துக்கொண்டு
எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் அந்த ஆளை
சோறு வடிக்கும்போது நினைத்துக்கொள்வேன்.

இருநூற்றுப் பதினோராம் கட்டம்.
வயலின்கள் எல்லாம் எஃப் ஷார்ப்பில் ஏறி நிற்க,
இரண்டாம் பஸூன் மட்டும் வெறும் எஃப்.
ஓஸ்லோவிலிருந்து பதிப்பாசிரியர் எழுதினார்:
"கைப்பிழை. திருத்தவும்."

கணினியை வாசிக்கவிட்டேன்.
கொசுக்கூட்டம்போல் இருந்தது. ஒன்றும் புரியவில்லை.
அப்போது கரண்ட் போனது.
கீழே மோட்டார் நின்றது.
பூந்திக்கொட்டைத் தண்ணீரில் உருண்டுகொண்டிருந்த கொலுசுகளும் நின்றன.
குப்புராஜின் ஆட்கள் இருவர் மட்டும்
கையால் தட்டிக்கொண்டிருந்தார்கள்,
ஒரு சுத்தியல் கம்பிமேல், ஒரு சுத்தியல் தகட்டின்மேல்,
அரைச் சுருதி விலகி.
நடுவில் காற்று நடுங்கியது.
எனக்குப் பல் கூசியது.

உடைந்த ஒன்பதையும் எழுதிவைத்த மனிதர்
இதையா தவறவிடுவார்?
திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
நேச்சுரல் குறியின்மேல் இரண்டு முறை மை ஓட்டியிருக்கிறார்,
தாள் கிழியும் அளவுக்கு.
அதை வட்டமிட்டு அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பதில்:
"நன்றி, பெர்சிஸ். நாங்களே திருத்திவிட்டோம்."
எண்பத்தாறு பக்கம், மூவாயிரத்து நானூற்று நாற்பது,
வங்கிக் கழிவு தனி.

பழைய கோப்பை அழிக்கவில்லை.
ரேஷன் கார்டு ஸ்கேனுக்கும்
மகனின் ஹால் டிக்கெட்டுக்கும் நடுவில்
அந்த எஃப் இருக்கிறது.

அடுத்த வேலை வந்துவிட்டது.
யாரோ டென்மார்க்காரரின் வால்ட்ஸ்.
சுலபம். பிழையே இல்லை.