பெற்றோர் சந்திப்பு, பத்தாம் மாதம்

பழைய கணக்கில் பத்தாம் மாதம் பிறந்ததும்
தெய்வங்கள் எல்லாம் இஸுமோவுக்குக் கிளம்பிவிடும்.
யாருக்கு யாரோடு முடிச்சுப் போடுவது என்று
கூடிப் பேசித் தீர்க்க ஒரு வாரம்,
பேசாமல் குடித்துத் தீர்க்க இன்னொரு வாரம்.
இங்கே சகாதாவில் கோயில்கள் காலி.
பதினோராம் வகுப்பில் ஏழு பேர் வீட்டில்
பாத்திரம் கழுவ ஆள் இல்லை.

என் அம்மா கழிவறைக் கடவுள்.
சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள்.
எங்கள் பள்ளியை நாங்களேதான் பெருக்கித் துடைக்கவேண்டும்;
மூன்றாம் மாடி என் முறைக்கு வரும் வாரம்
தலைமை ஆசிரியரே படியேறி வருவார்.

இகுதோ இடியின் பிள்ளை.
வாலிபால் தன் பக்கம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வான்.
குரெஹா தலை திருப்பினால்
வகுப்பு ஒலிபெருக்கி கரகரக்கும்.
மின்சாரக்காரர் மூன்று தடவை வந்து
கம்பியை மாற்றிவிட்டுப் போனார்.
குரெஹா நெல்லின் மகள்.
ரொட்டிக்கு ஜாம் தடவி, ஜன்னல் பக்கம் திரும்பி,
திருடித் தின்பவள்போலத் தின்பாள்.

கோடை விடுமுறை கழிந்து வந்து சேர்ந்தவன் யுதாகா.
பெயருக்குப் பொருள் 'நிறைவு'.
அப்பா தரித்திரக் கடவுள்.
அவன் கடந்துபோனால்
குளிர்பானப் பெட்டி காசை விழுங்கிவிட்டுச் சும்மா நிற்கும்.
பேனா மை வற்றும். பஸ் கார்டில் பணம் இருக்காது.
வேறு பிள்ளைகள் எரிச்சலில் "தரித்திரம்!" என்று கத்தும்போது
"ம்?" என்று திரும்பிப் பார்ப்பான்,
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.

பெற்றோர், பிள்ளை, ஆசிரியர்: மூவர் உட்காரும் சந்திப்பு
எப்போதும் இந்த மாதத்தில்தான் வந்து விழும்.
எதிர்கால விருப்பம் ஒன்று, இரண்டு, மூன்று.
இகுதோ 'குடும்பத் தொழில்' என்று எழுதி
தாள் கிழியும்வரை அழித்திருந்தான்.
நான் பெயரை மட்டும் எழுதியிருந்தேன்.
இகராஷி டீச்சர் காலி நாற்காலிகளைப் பார்த்தார்.
"இந்த வருஷமும் யாரும் வரலையா?"

யுதாகா கை தூக்கினான். பாதிதான் தூக்கினான்.
"எங்கப்பா ஊர்லதான் இருக்கார்.
அவரை இஸுமோவுக்குக் கூப்பிடறதில்லை."

சாயங்காலம் அவர் வந்தார்.
இரவல் கோட்டு, ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.
வாசலில் செருப்பைக் கழற்றினார்; வார் அறுந்தது.
அதை ஓரமாக, நேராக, மரியாதையாக வைத்தார்.
மகனுக்காக உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.
அடுத்து குரெஹா. அடுத்து நான். அடுத்தடுத்து ஏழு பேர்.
ஒவ்வொரு மதிப்பெண்ணையும்
கடன் பத்திரம் படிப்பதுபோல விரல் வைத்துப் படித்தார்.
"கணக்குல இது போதாதா?" என்று உண்மையாகவே கேட்டார்.
"என்கிட்ட இதுகூட இருந்ததில்லையே."
ஏழு முறை குனிந்து வணங்கினார்.
நகல் எடுக்கும் இயந்திரம் நாலாவது முறையில் செத்தது.

இகுதோவின் முறை வந்தபோது
"இந்தப் பையன் பயப்படறதில் தப்பில்லை" என்றார்.
வெளியே கடல்மேல், மேகமே இல்லாமல்
ஒரு இடி, நீளமாக, தொண்டை உடைந்த குரலில்.
துறைமுகத்தில் கிழவர்கள் வலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்:
குளிர்கால இடி கேட்டால் ஹதாஹதா மீன் கரைக்கு வரும்.
அப்பா ஊரில் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.
குரெஹா முதல் தடவையாகத் திரும்பி
ஒலிபெருக்கியைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள்.

யுதாகா மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
காது சிவந்திருந்தது.
வெட்கமா வேறெதுவா என்று
கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

கிளம்புமுன் அவர் என்னிடம் வந்து
கழிவறைக்கு வழி கேட்டார்.
திரும்பி வந்தபோது கையில் ஈரம்.
"ரொம்பச் சுத்தமா இருக்கும்மா" என்றார்,
பிறகு குரலைத் தாழ்த்தி,
"தாள் தீர்ந்துபோச்சு. மன்னிக்கணும்."

மதியம்தான் புது உருளை மாட்டியிருந்தேன்.
பரவாயில்லை என்றேன்.
இன்னொன்று எடுக்கப் போனேன்.